மலைக்குள் வளை

கேரள-தமிழக எல்லையிலுள்ள வேலந்தாவளம் பக்கத்தில் போர் போட நினைக்கிறவர் ரிக் வண்டிக்குச் சொல்வதற்கு முன் நீரோட்டம் பார்க்க ஆள் கூப்பிடுவார். சிலர் தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு தோப்பைச் சுற்றி வருவார்கள். அது நிமிர்ந்த இடத்தில் ஒரு கல்லை நட்டுவிட்டுப் போவார்கள். வேறு சிலர் 'மிஷின்' கொண்டு வருவார்கள். ஒரு பெட்டி, நான்கு இரும்பு முளைகள், சுருள் சுருளாக வயர், ஒரு சுத்தியல். வெளியே இருக்கும் இரண்டு முளைகள் வழியாக மண்ணுக்குள் மின்சாரம் போகும், உள்ளே இருக்கும் இரண்டு முளைகளுக்கு நடுவே மின்னழுத்தம் அளக்கப்படும். முளைகளைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க மின்சாரம் ஆழத்துக்கு இறங்கும். ஈரமுள்ள மண் மின்சாரத்தை விட்டுக்கொடுக்கும், காய்ந்த பாறை மறுக்கும். அந்த மறுப்புக்குத்தான் மின்தடை என்று பெயர்.

கோழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று எங்கே போனாலும் இந்தப் பெட்டி பழகிய பொருள். சித்தூர் வட்டாரம் நெடுங்காலம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்த பகுதி என்று அரசுக் கணக்கில் இருந்தது, அதனால் தண்ணீர் தேடுவது இங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்தது. ஆனால் இதே எல்லைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தெற்கே இடுக்கி மலைகளுக்குப் போனால் பெட்டிக்கு வேறொரு வேலை. இங்கே பூமிக்குள் இருக்கும் தண்ணீரைத் தேடுகிறோம். அங்கே பூமிக்குள் இல்லாமல் போன மண்ணைத் தேடுகிறார்கள்.

இல்லாமல் போன மண்ணுக்கு மலையாளத்தில் 'குழலீகிருத மண்ணொலிப்பு' என்று பெயர். நாவைச் சுளுக்கும் பெயர்தான், ஆனாலும் 'சிங்க்ஹோல்' என்பதைவிடச் சரியானது. சிங்க்ஹோல் என்ற சொல் அடிப்படையில் சுண்ணாம்புப் பாறை நாடுகளுக்கு உரியது. மழைநீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு அதை மெல்லிய அமிலமாக்குகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அந்த அமிலம் பாறையைக் கரைத்துக் குகை செய்கிறது, குகையின் கூரை ஒருநாள் விழுகிறது. இடுக்கியில் சார்னோகைட், நைஸ் போன்ற கடும்பாறைகள்தான், அவை அப்படிக் கரையாது. கரைவது பாறைக்கு மேலே கிடக்கும் மண். பாறை மக்கி உண்டான களிமண் அடுக்கு ஒன்று, அதன் மேல் செம்பூரான் கல் என்று நாம் சொல்லும் லேட்டரைட் மூடி. மூடி கெட்டி, களிமண் பலவீனம். விரிசலிலோ மக்கிப்போன வேரின் தடத்திலோ இறங்கும் தண்ணீர் களிமண்ணுக்குள் வழி தேடிச் சரிவின் அடியில் எங்கோ வெளியேறுகிறது. வெளியேறும் வாயில் தொடங்கும் அரிப்பு பின்னோக்கி மலைக்குள் ஏறுகிறது. முதலில் எலி வளை அளவு, பிறகு முயல் வளை, பிறகு ஆள் குனிந்து போகும் அளவு. மேலே ஏலமும் மிளகும் காய்த்துக்கொண்டிருக்கும். ஒரு மழைக்காலத்தில் முற்றம் இறங்கும்.

எல்லாக் களிமண்ணும் இப்படிப் போவதில்லை. சோடியம் ஏறிய களிமண்ணின் துகள்கள் தண்ணீர் பட்டதும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பிரியும். அவற்றை அடித்துப் போக வேகமான நீரோட்டம் வேண்டாம், மெல்லிய கசிவே போதும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகத்துக்குக்கூட ஓட வேண்டியதில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீர் எடுத்து, சுண்டைக்காய் அளவு மண்கட்டியை அசைக்காமல் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். கட்டி வெறுமனே உடைந்து அடியில் உட்கார்ந்தால் பெரிய பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல ஒரு மேகம் கிளம்பினால் அந்த மண் வளை விடும் மண். அணை கட்டும் பொறியாளர்கள் உலகம் முழுக்க இதை முதல் சோதனையாக வைத்திருக்கிறார்கள்.

கேரளத்தில் இந்தச் சிக்கலைத் தொடர்ந்து ஆராய்ந்த நிறுவனம் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் இருக்கும் புவி அறிவியல் மையம். 1978-இல் மாநில அரசின் அமைப்பாகத் தொடங்கி, 2014-இல் மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் போனது. இடுக்கியில் தட்டேக்கண்ணி, பெரிங்காசேரி, கண்ணூரில் கொட்டத்தலச்சிமலை, வயநாட்டில் பாணாசுர மலைச்சரிவு என்று வளைகள் வெளிப்பட்ட இடங்களில் அதன் ஆய்வாளர்கள் மின்தடை அளவீடு செய்தார்கள், சில இடங்களில் வளைக்குள்ளேயே இறங்கியும் பார்த்தார்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆதரவோடு நடந்த விரிவான ஆய்வும் உண்டு. 2018 ஆகஸ்ட் பெருமழைக்குப் பிறகு இடுக்கியில் வீடுகள் பிளந்து இறங்கிய காட்சிகள் பரவியபோதுதான் பொதுமக்கள் இதைக் கவனித்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வயநாட்டுப் புத்துமலை சரிந்தபோது மண்வளையும் ஒரு காரணம் என்று பேசப்பட்டது. இன்று கேரளம் தன் மாநிலத்துக்கே உரிய பேரிடர்களின் பட்டியலில் மின்னலோடும் கடலரிப்போடும் இதையும் சேர்த்திருக்கிறது.

இனி பெட்டிக்கு வருவோம். போர் பார்க்க வரும் மிஷின் ஒரே புள்ளிக்குக் கீழே அடுக்குகளைப் படிக்கிறது. தோசைக்கல் அடுக்கியதுபோல மண் கிடைமட்டமாகப் படிந்திருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அதன் கணக்கு நிற்கிறது. வளை என்பது அடுக்கு அல்ல, கோடு. அந்தப் புள்ளிக்கு இரண்டு மீட்டர் தள்ளி வளை ஓடினாலும் ஒற்றைப் புள்ளி அளவீடு அதைத் தவறவிடும். அதனால் மலையில் நான்கு முளைகள் போதாது. 48 முளைகளை ஒரே வரிசையில் 2 மீட்டருக்கு ஒன்றாக அடித்து, கணினி தானாக நான்கு நான்காக மாற்றி மாற்றி எடுத்து அளக்கிறது. சில மணி நேரத்தில் 94 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 18 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு வெட்டுமுகப் படம் கிடைக்கும். 1912-இல் கொன்ராட் ஷ்லும்பெர்ஜே பிரான்சில் தொடங்கி வைத்த வித்தையின் பேரப்பிள்ளை இது.

வரிசையை எந்தத் திசையில் போடுவது என்பதில்தான் பாதிக் காரியம் இருக்கிறது. வளை பெரும்பாலும் சரிவோடு கீழிறங்கும். வரிசையும் சரிவோடு இறங்கினால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் தண்டவாளம்போல ஆகிவிடும், சந்திக்கவே சந்திக்காது. வரிசை மலையின் குறுக்கே, சமமட்டக் கோட்டில் போக வேண்டும். அப்படி ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நான்கு வரிசைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் வளை வெட்டுப்பட்ட இடத்தைப் புள்ளி வைத்துச் சேர்த்தால் கோலம் தெரியும். வீட்டுக்கு அடியில் மட்டும் ஒரே ஒரு வரிசை போட்டுவிட்டு 'ஒன்றுமில்லை' என்று எழுதித் தருவதை நான் ஆய்வு என்று சொல்ல மாட்டேன்.

படத்தைப் படிப்பதில் ஒரு பெரிய வம்பு உண்டு. காற்று மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே வெற்று வளை மிக உயர்ந்த மின்தடையாகத் தெரியும். அதே வளை மழையில் சேற்றுநீரால் நிறைந்தால் தாழ்ந்த மின்தடையாகத் தெரியும். வண்ணப்படத்தில் மார்ச் மாதம் உயர்ந்த மின்தடையின் சிவப்பாக இருந்தது ஜூலையில் தாழ்ந்த மின்தடையின் நீலமாகிறது. நடுவில் ஏதோ ஒரு வாரத்தில், பாதி நிறைந்த நிலையில், சுற்றியிருக்கும் மண்ணோடு கலந்து கண்ணுக்கே தெரியாமலும் போகலாம். போதாததற்குக் காய்ந்த செம்பூரான் கல்லும், மண்ணுக்குள் தனியாகக் கிடக்கும் உருண்டைப் பாறையும் வெற்று வளையைப் போலவே உயர்ந்த மின்தடை காட்டும். படத்தில் இருக்கும் சிவப்புத் திட்டு வளையா பாறையா என்று பெட்டி சொல்லாது. ஒரே அளவீட்டுக்குப் பொருந்தும் பல பூமிகளைக் கணினி வரைந்து தரும், அதில் ஒன்றை மனிதர்தான் தேர்ந்தெடுக்கிறார். அதனால்தான் வண்ணப்படத்தை மட்டும் ஆதாரமாகக் காட்டும் அறிக்கைகளைச் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்கிறேன். திட்டு தெரிந்த இடத்தில் கைத்துளைக் கருவியாவது இறக்கிப் பார்த்தார்களா, கம்பி சட்டென்று விழுந்ததா, அல்லது கல்லில் மோதி நின்றதா? அந்த ஒரு வரி இல்லாத அறிக்கை பாதி அறிக்கை.

ஆழம் கூடக் கூடப் பார்வை மங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2 மீட்டர் இடைவெளியில் முளை அடித்துவிட்டு 10 மீட்டர் ஆழத்தில் ஒரு மீட்டர் அகல வளையைக் கண்டுபிடிப்பேன் என்று யாராவது சொன்னால் அவர் தேங்காய் வைத்திருப்பவருக்குப் பெரிய தூரத்தில் இல்லை.

மற்றக் கருவிகளில் மலைக்கு ஒத்துவருவதும் உண்டு, வராததும் உண்டு. நகரத் தெருக்களில் தள்ளுவண்டிபோல உருட்டிக்கொண்டு போகும் நிலத்தடி ரேடார் காய்ந்த மணலிலும் தார்ச்சாலைக்கு அடியிலும் அழகாக வேலை செய்யும். ஈரக் களிமண் ரேடியோ அலையை விழுங்கிவிடுவதால் இடுக்கியின் மழைக்கால மண்ணில் அது ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் பார்க்காது. ஈர்ப்பு விசையின் நுண்ணிய மாற்றத்தை அளக்கும் கருவி வெற்றிடத்தின் மேல் கொஞ்சம் குறைவாகக் காட்டும். எவ்வளவு குறைவு? ஒரு மீட்டர் விட்டமுள்ள வெற்று வளை 3 மீட்டர் ஆழத்தில் ஓடினால் ஏறத்தாழ 7 மைக்ரோகால், அதாவது பூமியின் இழுப்பில் 14 கோடியில் ஒரு பங்கு. நல்ல கருவி இதையும் பிடிக்கும், ஆனால் பக்கத்தில் நிற்கும் மலையின் சொந்த இழுப்பைக் கழிப்பதற்குள் அந்த 7 காணாமல் போய்விடும். சமவெளிக்கு நல்லது, மலைக்கு ஆகாது.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது வேறு இரண்டு. சுத்தியலால் தரையைத் தட்டி, அதிர்வு பரவும் வேகத்தை வரிசையாக வைத்த உணரிகளில் பதியும் முறை முதலாவது. கான்சாஸ் புவியியல் நிறுவனத்தார் 1999-இல் இதற்கு ஒரு தெளிவான வடிவம் கொடுத்தார்கள். வளையை நேராகக் காட்டாவிட்டாலும், வளைக்கு மேலே மண் தளர்ந்துபோன இடத்தில் அதிர்வு மெதுவாகப் போவதைக் காட்டிவிடும். வீடு நிற்கப்போவது அந்தத் தளர்ந்த மண்மேல்தான் என்பதால் பொறியாளருக்கு வேண்டிய எண்ணும் அதுவே. இரண்டாவது முறையில் மின்சாரம் செலுத்தவே வேண்டாம். மண்ணுக்குள் தண்ணீர் ஓடும்போது தானாகவே சில மில்லிவோல்ட் மின்னழுத்தம் உண்டாகும். மயில்துத்தக் கரைசல் நிரப்பிய இரண்டு குடுவைகளும் ஒரு நுண்ணிய மீட்டரும் இருந்தால் அதைப் பின்தொடரலாம். காய்ந்த பழைய வளையையும் இன்றும் தண்ணீர் ஓடும் வளையையும் பிரித்தறிய இதைவிட மலிவான வழி இல்லை. இதோடு, மேலே திறந்திருக்கும் பொந்தில் நிறச்சாயம் ஊற்றிக் கீழே எந்த ஊற்றில் நிறம் வருகிறது என்று பார்த்தால் அளவீட்டுக்கு ஒரு சாட்சியும் கிடைத்துவிடும்.

இவ்வளவும் எதற்கு? பள்ளம்தான் கண்ணுக்குத் தெரிகிறதே, கல்லைக் கொட்டி மேலே கான்கிரீட் போட்டால் முடிந்துவிடாதா? ஊர் ஊராக நடப்பது இதுதான். பள்ளம் என்பது கூரை விழுந்த ஓர் இடம், அவ்வளவே. வளை அதற்கு மேலேயும் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது. நடுவில் கான்கிரீட் தக்கை வைத்தால் வரும் தண்ணீர் எங்கே போகும்? பக்கவாட்டில் புது வளை தோண்டும். அதற்கும் வழியில்லாவிட்டால் பின்னால் தேங்கி மண்ணுக்குள் அழுத்தம் ஏற்றும். அழுத்தம் ஏறிய சரிவுதான் சரியும். ஒரு வீட்டு முற்றத்தின் குழியை அடைக்கப்போய் மலையாளத்தில் 'உருள்பொட்டல்' என்று சொல்லும் மலைச்சரிவுக்கு அழைப்பு வைத்ததாகிவிடும்.

சிமென்ட் குழம்பைக் குழாய் வழியே அழுத்திச் செலுத்துவது சுண்ணாம்புக் குகைகளில் நல்ல வைத்தியம். மலேசியாவில் ஈப்போவைச் சுற்றிய கிந்தா பள்ளத்தாக்கில், வெள்ளீயம் தோண்டிய நிலத்துக்குக் கீழே கோபுரம் கோபுரமாகச் சுண்ணாம்புப் பாறை நிற்கிறது. அப்படிப்பட்ட நிலத்தில் கெட்டியான குழம்பைச் செலுத்தி, உள்ளே போக மறுக்கும் வரை அழுத்துவார்கள், அந்த மறுப்புதான் பொந்து நிறைந்ததற்கு அடையாளம். இடுக்கி வளைக்குக் கீழே வாய் திறந்திருக்கிறது. மேலே ஊற்றும் குழம்பு அடிவாரத்து ஓடையில் போய் விழும், விழாவிட்டால் மேலே சொன்ன தக்கையாகும். சுண்ணாம்பு நாட்டு மருந்தை மண்வளைக்குக் கொடுப்பது ஆள் மாறிச் செய்த வைத்தியம்.

மண்வளைக்கு உரிய மருத்துவம் தண்ணீரிலிருந்து தொடங்குகிறது. வளைக்குள் தண்ணீர் நுழையும் இடங்களை மேலேயே கண்டு, அதற்கும் மேலே சரிவுக்குக் குறுக்காக வடிகால் வெட்டிப் பக்கத்து ஓடைக்குத் திருப்ப வேண்டும். நுழைவாய் பெரும்பாலும் பள்ளம் விழுந்த இடத்தில் இருக்காது, அடுத்த தோட்டத்தில்கூட இருக்கலாம். அளவீட்டின் முதல் பயன் இந்த இடத்தில்தான். மழைநீர் சேமிப்பு என்ற நல்ல எண்ணத்தோடு சரிவு முழுக்க மழைக்குழி வெட்டுவது வேலந்தாவளத்துத் தென்னந்தோப்புக்குப் புண்ணியம், வளை விடும் மண்ணுள்ள மலைச்சரிவுக்கு ஆபத்து. ஒரே மாநிலம், ஒரே திட்டம், இரண்டு மண்.

உள்ளே ஏற்கெனவே ஓடும் தண்ணீரை நிறுத்தக்கூடாது, மண்ணை மட்டும் நிறுத்த வேண்டும். நம் வீடுகளில் முன்பு கல், கரி, மணல் போட்டு மூன்று பானை வடிகட்டி வைத்திருந்தார்களே, அதே தத்துவம். பள்ளத்தின் தொண்டையில் பெரிய பாறைகள், அதன்மேல் சிறு கற்கள், அதன்மேல் ஜல்லி, பிறகு மணல். தண்ணீர் இறங்கும், மணலுக்கு மேலிருக்கும் மண் இறங்காது. எந்த அளவு மண்ணுக்கு எந்த அளவு மணல் என்பதற்குக் கார்ல் டெர்சாகி வகுத்த விகிதம் இன்றும் அணைகளில் புழங்குகிறது. கீழே வளை வெளிவரும் வாயில் கலங்கிய நீர் வருவது நின்று தெளிந்த நீர் வந்தால் வடிகட்டி பிடித்துவிட்டது என்று பொருள். மண்ணைப் பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டீட்டன் அணை உதாரணம். 1976 ஜூன் 5 அன்று காலையில் கலங்கல் கசிவாகத் தெரிந்தது, நண்பகலுக்குள் அணையே போயிற்று.

மண்ணின் குணத்தையே மாற்றும் மருந்தும் உண்டு, சுண்ணாம்பு. அதிலிருக்கும் கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு துகள்களை ஒட்ட வைக்கிறது. பொறியியல் வழக்கத்தில் மண்ணின் எடையில் 2 முதல் 4 சதவீதம் கலப்பார்கள். ஏலத்தோட்டக்காரர்கள் புளித்த மண்ணைச் சரிசெய்யக் கும்மாயம் தூவிப் பழகியவர்கள், அதனால் இது அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் தூவிய சுண்ணாம்பு மேல்மண்ணில் நின்றுவிடும், வளை ஓடும் களிமண் 4 மீட்டர், 6 மீட்டர் கீழே இருக்கிறது. அந்த அடுக்கு எந்த ஆழத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் துளையிட்டு அங்கே சேர்க்க முடியும். அளவீடு இல்லாமல் கொட்டும் சுண்ணாம்பு ஏலத்துக்கு உரம், அவ்வளவுதான்.

நகரத்துக் குழிகள் வேறு சாதி என்று நினைக்கத் தோன்றும். 2017 ஏப்ரலில் சென்னை அண்ணா சாலையில் மெட்ரோ சுரங்கப் பாதைக்கு மேலே ஒரு பேருந்தும் காரும் உள்ளே இறங்கின. 2024 ஆகஸ்ட் 23 அன்று கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில், தமிழர் நடமாட்டம் நிறைந்த கடைத்தெருவில், நடைபாதை விழுந்து இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண் காணாமல் போனார். ஒன்பது நாள் தேடிவிட்டுக் கைவிட்டார்கள், தேடிக்கொண்டிருக்கும்போதே அருகில் இன்னொரு குழி விழுந்தது. 2010-இல் குவாத்தமாலா நகரத்தில் மூன்று மாடிக் கட்டடத்தையே விழுங்கிய குழியைப் பார்த்த புவியியலாளர் சாம் போனிஸ், இதைச் சிங்க்ஹோல் என்று சொல்லாதீர்கள், எரிமலைச் சாம்பல் மண்ணில் உண்டான வளை என்று சொல்லுங்கள் என்றார். அங்கே வளைக்குத் தண்ணீர் கொடுத்தது மழை மட்டுமல்ல, கசிந்த கழிவுநீர்க் குழாயும்தான். தட்டேக்கண்ணியும் குவாத்தமாலாவும் ஒரே நோயின் இரண்டு முகங்கள்.

வேலந்தாவளத்துக்கு இந்த நோய் வருமா என்று கேட்பவர்கள் உண்டு. பக்கத்தில் வாளையாறில் சிமென்டுக்காகத் தோண்டிய சுண்ணாம்புக்கல் இருக்கிறது, மதுக்கரையிலும் இருக்கிறது, நம் காலடியும் பொந்தாக இருக்குமோ என்று. அது படிகமாக மாறிய பழம்பாறை, கடும்பாறைகளுக்கு நடுவே பட்டையாகக் கிடப்பது. குகை நாடுகளின் சுண்ணாம்பைப்போல் ஊர் முழுக்கப் பரந்தது அல்ல. இங்கே சுவர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் கரிசல் மண். மழையில் வீங்கும், கோடையில் சுருங்கும். அதற்கு வைத்தியம் அஸ்திவாரத்தில், வளை தேடுவதில் இல்லை. வெடிப்பைப் பார்த்ததும் மலைச்செய்தியை நினைத்துக் கலங்க வேண்டாம்.

இடுக்கியில் கலங்க வேண்டியவர்களுக்கு வேறொரு சிக்கல். தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களில் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குடியிருக்கும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடும் சொந்தமில்லை, வீட்டுக்கு மேலே இருக்கும் சரிவும் சொந்தமில்லை. வளையோ வேலியைப் பார்த்து ஓடுவதில்லை. நுழைவாய் ஒருவர் நிலத்தில், பள்ளம் இன்னொருவர் முற்றத்தில், வெளிவாய் புறம்போக்கில். முளை அடிக்க மூவரிடமும் அனுமதி வேண்டும், வடிகால் வெட்ட முதலாமவர் சம்மதிக்க வேண்டும். பிளவு விழுந்த பிறகு விழுந்த வீட்டுக்கு மட்டும் இழப்பீடு பேசும் நடைமுறையில் இதற்கு இடமே இல்லை. சரிவு முழுவதையும் ஒரே நோயாளியாக எடுத்துக்கொண்டு, மழைக்கு முன் ஒருமுறையும் மழைக்குப் பின் அதே முளைக்குழிகளில் இன்னொரு முறையும் அளக்க வேண்டும் என்பது என் கருத்து. மருந்து வேலை செய்ததா என்பதை இரண்டாவது படம்தான் சொல்லும். பெரும்பாலான இடங்களில் அந்த இரண்டாவது படத்தை எடுப்பதற்குள் பணமும் அக்கறையும் தீர்ந்துவிடுகின்றன.

எடுத்த படத்தைக் காட்டுவதும் ஒரு பிரச்சினை. உத்தராகண்டில் ஜோஷிமட் நகரம் 2023 ஜனவரியில் பிளந்தபோது ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல நிறுவனங்கள் அளந்தன. அறிக்கைகள் மாதக்கணக்கில் உறையிலேயே கிடந்தன. உயர் நீதிமன்றம் கேள்வி கேட்ட பிறகு அந்த ஆண்டு செப்டம்பரில்தான் வெளியே வந்தன. அதற்குள் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. போர் பார்க்க வரும் மிஷின்காரர் பெட்டியை மூடுவதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் ஆழத்தையும் அடையாளத்தையும் எழுதித் தோப்புக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் கூலி வாங்குகிறார். லயத்தில் இருப்பவர் கையிலும் அப்படி ஒரு தாள் இருந்தால், வீட்டின் எந்தப் பக்கத்தில் படுக்கையைப் போடுவது என்றாவது ஜூன் மாதத்துக்கு முன் அவர் முடிவு செய்யலாம்.